ஊசித்தட்டானின் சிறகும் பறக்கும் அணிலின் தோலும்

ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பறக்கும் அணிலைத் தராசின் ஒரு பக்கம் உட்கார வைத்தால், மறுபக்கம் 37,500 ஊசித்தட்டான்களைக் கொட்டினால்தான் முள் நடுவில் நிற்கும். ஒரு ஊசித்தட்டானுக்கு 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. இவ்வளவு எடை வேறுபாடு உள்ள இரண்டு உயிர்களையும் தமிழில் 'பறக்கிறது' என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஊசித்தட்டான் காற்றில் நிற்கும் ஒவ்வொரு நொடிக்கும் உடனுக்குடன் விலை கொடுக்கிறது. பறக்கும் அணிலோ மரம் ஏறும்போதே மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, அதைச் சறுக்கிச் சறுக்கிச் செலவழிக்கிறது. இவற்றின் உடல், கண், வாழிடம், ஆபத்து ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து வருபவை.

பேசப்போவது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருக்கும் உயிர்களைப் பற்றி. அணில் பக்கம் இரண்டு இனங்கள். ஒன்று, இந்தியப் பெரும் பறக்கும் அணில்: உடல் சுமார் 43 சென்டிமீட்டர், வால் அதைவிட நீளம். இன்னொன்று, அதைவிடச் சிறிய திருவிதாங்கூர் பறக்கும் அணில். நூறாண்டுக் காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1989-இல் கேரளத்தில் மீண்டும் பதிவானது. மலையாளத்தில் இவற்றுக்குப் 'பாறான்' என்று பெயர். தட்டான் பக்கம், வயல் வரப்பிலும் குளக்கரையிலும் சாதாரணமாகத் தெரியும் மஞ்சள் ஊசித்தட்டானை எடுத்துக்கொள்வோம். அதன் அறிவியல் பெயரிலேயே நம் சோழமண்டலக் கரையின் பெயர் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடலாம். தட்டானும் ஊசித்தட்டானும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்றாலும் வேறு வேறு பூச்சிகள். உட்கார்ந்ததும் சிறகை இரு பக்கமும் விரித்தே வைத்திருந்தால் அது தட்டான். முதுகின்மேல் சேர்த்து மடித்து வைத்தால் ஊசித்தட்டான். (சிறகைப் பாதி விரித்தபடி உட்காரும் ஒரு குடும்பம் ஊசித்தட்டான்களிலேயே உண்டு, சந்தேகம் வந்தால் கண்ணைப் பாருங்கள்.) தட்டானின் இரு கண்களும் பெரும்பாலும் தலை உச்சியில் ஒன்றையொன்று தொடும். ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு கோடியில், டம்பெல்லின் இரண்டு குண்டு போலத் தள்ளி நிற்கும். 'தும்பி' என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் சங்கப் பாட்டில் வரும் தும்பி பூவில் தேன் தேடும் வண்டினம். தட்டான் வகையில் எதுவும் தேன் குடிக்காது, எல்லாமே வேட்டையாடிகள்.

சவ்வும் தோலும்

ஊசித்தட்டான் தன் நான்கு சிறகுகளுக்காக எந்தக் காலையும் இழக்கவில்லை. ஆறு கால்களும் அப்படியே இருக்க, மார்பின் மேற்புறத்தில் தனியாக முளைத்தவை. பூச்சிச் சிறகு ஆதியில் எதிலிருந்து தோன்றியது என்ற விவாதம் நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. அணிலின் கதை எளிது. அதற்குச் சிறகு என்று தனி உறுப்பே கிடையாது. விலாவின் தோல் மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை மடிப்பாக நீண்டு, கால்களை அகட்டியதும் விரிகிறது. மடக்கினால் விலாவோடு சுருங்கிக்கொள்கிறது. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் ஒரு சிறு பட்டை உண்டு. பெரிய இனங்களில் பின்னங்காலுக்கும் வால் அடிக்கும் இடையிலும் ஒரு விரிப்பு இருக்கும்.

தோலை மட்டும் விரித்தால் ஓரம் தொய்ந்துவிடும். குடைக்குக் கம்பி வேண்டுமே! அந்தக் கம்பி அணிலின் மணிக்கட்டிலிருந்து வெளிப்பக்கமாக நீளும் ஒரு குருத்தெலும்புக் குச்சி. முன்னங்காலை நீட்டியதும் அதுவும் நீண்டு, விரிப்பின் நுனியைக் கைக்கு வெளியே தள்ளி மேல்நோக்கி வளைக்கிறது. விமானச் சிறகின் நுனி மேலே மடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு ஏறக்குறைய அதே அமைப்பு. ஆப்பிரிக்காவின் செதில்வால் அணில்களும் கொறிப்பன வரிசையைச் சேர்ந்த சறுக்கிகள்தான். ஆனால் அவற்றுக்குக் குச்சி முளைப்பது முழங்கையிலிருந்து. ஒரே வரிசைக்குள்ளேயே இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு மூட்டில் இந்த உத்தி தோன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. தென்கிழக்காசியாவின் சறுக்கும் விலங்கான கொலுகோவையும் ஆஸ்திரேலியாவின் சர்க்கரைச் சறுக்கியையும் சேர்த்துப் 'பறக்கும் அணில் வகை' என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. முன்னது தனி வரிசை, பின்னது கங்காரு போன்ற பைம்மா. இரண்டும் கொறிப்பன அல்ல.

தோல் உயிருள்ளது. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது, மெல்லிய தசை நார்கள் இருக்கின்றன, மேலே மயிர் இருக்கிறது. அணில் அந்தத் தசையை இறுக்கியும் தளர்த்தியும் விரிப்பின் குழிவை மாற்றிக்கொள்ளும். முள்ளில் கிழிந்தால் காயம் ஆறும்.

ஊசித்தட்டானின் சிறகுக்கு அந்த வசதி இல்லை. கைட்டின் என்ற, பூச்சியின் மேலோட்டில் உள்ள பொருளாலான இரண்டு மெல்லிய படலங்கள் ஒட்டிய சவ்வு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதைத் தாங்க இலை நரம்பு போல ஒரு நரம்பு வலை. இந்த நரம்புகள் ஒரே தளத்தில் கிடப்பதில்லை. ஒன்று மேடு, அடுத்தது பள்ளம் என்று மாறி மாறி அமைந்து, சிறகை மடித்த தகரக் கூரை போல ஆக்குகின்றன. தட்டையான தகட்டை எளிதாக வளைக்கலாம். அதையே நெளித்துக் கூரைத் தகடாக்கினால் நீளவாக்கில் வளையாது, அகலவாக்கில் சற்று நெகிழும். சிறகுக்கு வேண்டியதும் அதுதான்: நீளத்தில் விறைப்பு, குறுக்கில் முறுக்கிக்கொள்ளும் நெகிழ்வு. முன்விளிம்பில் 'கணு' என்ற மூட்டு இருக்கிறது. சிறகு முறுக்கிக்கொள்ள அது இடம் தருகிறது. சில மூட்டுகளில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதம் இருக்கும். இந்தப் புரதத்தை வெட்டுக்கிளியிலும் தட்டானிலும் கண்டு 1960-இல் விவரித்தவர் டோர்கெல் வைஸ்ஃபோ என்ற ஆய்வாளர்.

சிறகு நுனிக்கருகே முன்விளிம்பில் ஒரு கருத்த கட்டம் தெரியும். அழகுக்கு வைத்த பொட்டு போல இருக்கும், ஆனால் வேலை செய்கிற பொட்டு. மற்ற இடத்தைவிட அது சற்றுக் கனமானது. வேகம் கூடும்போது மெல்லிய சிறகு கொடித்துணி போலப் படபடக்கத் தொடங்கும். முன்விளிம்பில் இருக்கும் இந்தச் சிறு எடை அந்தப் படபடப்பைத் தள்ளிப்போடுகிறது. ஒரு தட்டான் இனத்தில் இதனால் சறுக்கலின் உச்ச வேகம் 10 முதல் 25 சதவீதம் வரை உயர்கிறது என்று 1972-இல் நோர்பெர்க் என்ற ஆய்வாளர் காட்டினார்.

இந்தச் சிறகு ஒருமுறை உருவானால் உருவானதுதான். சிறகு வந்தபின் தோலுரிக்கும் பூச்சி உலகில் ஒன்றே ஒன்று, ஈசல் போன்ற ஆயுள் கொண்ட மேஃபிளை. தட்டான் இனத்துக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

அந்த இரண்டு மணி நேரம்

சிறகு எங்கே கெடுகிறது என்று பார்க்க, அது உருவாகும் நேரத்தைப் பார்க்க வேண்டும். நீருக்கடியில் வளர்ந்த இளம்பூச்சி ஒரு நாணல் தண்டைப் பற்றி நீர்மட்டத்துக்கு மேலே ஏறுகிறது. வால்நுனியில் இலை போல இருந்த மூன்று செவுள்களுக்கு இனி வேலை இல்லை. தலைக்குப் பின்னால் தோல் வெடிக்கிறது. முதலில் மார்பு, பிறகு தலை, கால்கள். கால்கள் உறுதிப்படும்வரை சற்று ஓய்வு. பிறகு தண்டையோ பழைய தோலையோ பற்றிக்கொண்டு வயிற்றுப் பகுதியை உருவி எடுக்கிறது. அப்போது சிறகைப் பார்த்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி, கால் பங்கு நீளம்கூட இருக்காது. பூச்சி தன் உடல் திரவத்தை நரம்புகளுக்குள் அழுத்த, சிறகு அடியிலிருந்து நுனி நோக்கி நீள்கிறது. அது முழு நீளம் எட்டியதும் அழுத்தம் வயிற்றுப் பகுதிக்கு மாறுகிறது, ஊசி நீள்கிறது.

இத்தனைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குள் காற்று வீசி ஈரச் சிறகு பக்கத்து இலையில் உரசினால், உரசிய இடத்திலேயே மடிப்பு விழுந்து காய்ந்துவிடும். மழைத்துளி விழுந்து இரண்டு சிறகுகள் ஒட்டிக்கொண்டால் பிரியாது. மிக நெருக்கமாக முளைத்த நாணலில் ஏறியவற்றுக்கும், ஏறத் தண்டே இல்லாமல் சிமென்ட் கரை கட்டிய குளத்தில் இருப்பவற்றுக்கும் இந்த இடர் அதிகம். எறும்பு வந்தால் கதை அங்கேயே முடிந்தது. தப்பியது முதல் முறை பறக்கும்போது சிறகு கண்ணாடித்தாள் போலப் பளபளக்கும், பறத்தல் தள்ளாடும். அந்தப் பளபளப்பு தெரிந்தால் அதைக் கையில் பிடிக்காதீர்கள். விரல் பட்ட இடம் நசுங்கிவிடும்.

அடிக்கிற சிறகு

ஈயும் கொசுவும் சிறகை நேரடியாக இழுப்பதில்லை. மார்புக்கூட்டையே தசையால் நெளித்து, அந்த நெளிவில் சிறகை ஆட்டுகின்றன. ஒரு நரம்புத் தூண்டலுக்குப் பல அடி கிடைக்கும். அதனால்தான் கொசு நொடிக்குச் சில நூறு முறை சிறகடித்து ரீங்காரம் போடுகிறது. தட்டான் வரிசையில் தசை சிறகின் அடியிலேயே நேராகப் பிணைந்திருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு தூண்டல். எனவே வேகம் குறைவு, ஊசித்தட்டானுக்கு நொடிக்கு ஏறத்தாழ 15 முதல் 40 அடி. ரீங்காரம் காதில் விழாது. இந்த மெதுவுக்குப் பதிலாகக் கிடைப்பது கட்டுப்பாடு. நான்கு சிறகின் வீச்சையும் கோணத்தையும் தனித்தனியே மாற்றலாம். நின்ற இடத்தில் நிற்கலாம், பின்னால் நகரலாம், திரும்பாமலேயே பக்கவாட்டில் போகலாம்.

மலை ஓடைகளில் இருக்கும் பச்சைப் பின்சிறகு கொண்ட ஓர் ஊசித்தட்டான் இனம் இதை வேடிக்கையாகக் காட்டும். பெண்ணைக் கவர ஆண் தன் மரகதப் பின்சிறகுகளை அசையாமல் விரித்துக் காட்டிக்கொண்டு, முன்சிறகுகளை மட்டும் அடித்துப் பறக்கும். நான்கில் இரண்டைக் கொடியாக்கிவிட்டு மிச்ச இரண்டில் சமாளிக்கிறது. மத்திய அமெரிக்கக் காடுகளில், சிறகு விரித்தால் 19 சென்டிமீட்டர்வரை வரும் ராட்சத ஊசித்தட்டான் ஒன்று சிலந்தி வலைக்கு எதிரே அந்தரத்தில் நின்று, சட்டென்று முன்னேறிச் சிலந்தியைப் பறித்துக்கொண்டு வலை தொடாமல் பின்வாங்கும். எந்தச் சறுக்கியாலும் செய்ய முடியாத வேலை அது.

சிறகு மேலே போகும் உச்சியில் இடமும் வலமும் கைதட்டுவது போல ஒட்டி, பிறகு முன்விளிம்பிலிருந்து பிரிகின்றன. பிரியும் இடைவெளிக்குள் காற்று பாய்ந்து, சிறகைச் சுற்றி ஓட்டம் உடனே தொடங்கிவிடுகிறது. இந்த உத்தியை ஒரு மிகச் சிறிய குளவியில் 1973-இல் விளக்கியவரும் அதே வைஸ்ஃபோதான். பின்னர் ஊசித்தட்டானிலும் அது காணப்பட்டது. சிறகை முதுகின்மேல் மடித்து வைக்கும் அமைப்பு இந்தக் கைதட்டலுக்கு வசதி. தட்டானால் அப்படி மடிக்க முடியாது.

சரிகிற தோல்

இனி அணில். அது கிளை நுனியில் குந்தி, தலையை ஆட்டி ஆட்டி எதிர்மரத்தைப் பார்க்கும். பின்னங்கால்களால் உதைத்துப் பாய்கிறது. முதல் சில மீட்டர் கிட்டத்தட்ட விழுதல்தான். வேகம் கூடியதும்தான் விரிப்பு போதிய தூக்குவிசை தர, பாதை தட்டையாகிறது. ஆகவே அணிலின் சறுக்கலை நேர்கோடாக வரையும் படங்கள் எல்லாம் தப்பு. தொடக்கத்தில் செங்குத்து, நடுவில் சரிவு, முடிவில் மேல்நோக்கிய ஒரு கொக்கி என்பதே சரியான படம்.

ஒரு மீட்டர் கீழே இறங்கினால் எத்தனை மீட்டர் முன்னே போகிறது என்பதே சறுக்கு விகிதம். பறக்கும் அணில்களுக்கு அது பெரும்பாலும் 2-ஐ ஒட்டி இருக்கும். நல்ல சறுக்கலில் சற்று மேலே போகும். 20 மீட்டர் உயரக் கிளையிலிருந்து பாய்ந்து எதிர்மரத்தில் 4 மீட்டர் உயரத்தில் ஒட்டினால், இறக்கம் 16 மீட்டர், கடந்தது சுமார் 32 மீட்டர். மீண்டும் பாய வேண்டுமானால் அந்த 16 மீட்டரை ஏற வேண்டும். ஒன்றரைக் கிலோவை 16 மீட்டர் தூக்க 235 ஜூல் வேலை. தசையின் திறன் கால் பங்குதான் என்பதால் உடலுக்கு ஆகும் செலவு 940 ஜூல், அதாவது கால் கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரைக் கணக்கில் ஒரு கிராமில் பதினெட்டில் ஒரு பங்கு. கேட்கச் சொற்பம். ஆனால் இந்த அணிலின் சாப்பாட்டில் பெரும் பங்கு இலையும் பட்டையும். சர்க்கரை அத்திப்பழக் காலத்தில் மட்டும்.

இங்கேதான் பாடநூல்கள் வழுக்குகின்றன. 'சக்தியை மிச்சப்படுத்தவே சறுக்குகிறது' என்று எழுதிவிடுவார்கள். கொலுகோவின் முதுகில் உணர்கருவி ஒட்டி அளந்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஏறும் செலவையும் சேர்த்தால், அதே தூரத்தைக் கிளை வழியாகவே கடப்பதைவிடச் சறுக்கலுக்கு அதிகச் சக்தி ஆகிறது என்று அது காட்டியது. மிச்சமானது நேரம். கொலுகோவுக்குக் கிடைத்த விடையை அணிலுக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஆனாலும் ஏறுவதை விட்டுவிட்டுச் சறுக்கலை மட்டும் எண்ணுகிற கணக்கு, வட்டியை மறைத்துக் காட்டும் கடன் விளம்பரம் போலத்தான்.

அணிலின் விரிப்பு ஏறக்குறைய சதுரம். விமானப் பொறியாளரிடம் காட்டினால் முகம் சுளிப்பார். நீண்டு ஒடுங்கிய சிறகுதான் தூரம் போகும். சதுரத்துக்கு வேறொரு பலம் உண்டு. நீண்ட சிறகை 15 டிகிரிக்கு மேல் தூக்கினால் காற்றோட்டம் பிய்ந்து தூக்குவிசை சரிந்துவிடும். குட்டைச் சதுரமோ 40 டிகிரி அளவிலும் தாங்கும். கிளைகளுக்கிடையே இருட்டில் திரும்பவும், கடைசி மீட்டரில் தலையைத் தூக்கி வேகத்தைக் கொல்லவும் இதுவே உதவுகிறது. திருப்ப ஒரு பக்கக் காலைச் சற்று இறக்கினால் போதும், வால் சமநிலைக்கு.

இறங்குவதை அருகில் பார்த்தால் பறத்தலைவிட அதுதான் வித்தை. மரத்துக்கு ஓரிரு மீட்டர் இருக்கும்போது உடல் நிமிர்கிறது. விரிப்பு முழுவதும் காற்றை எதிர்கொண்டு உப்புகிறது. நான்கு கால்களும் முன்னே நீள்கின்றன. தலை மேல்நோக்கி, நான்கு பாதமும் அடிமரத்தில் ஒட்டுகின்றன. ஒட்டிய கையோடு மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும். துரத்தி வரும் ஆந்தைக்கு இலக்கு காணாமல் போகிறது. நீண்ட சறுக்கலில்தான் மோதல் மென்மை, குட்டைப் பாய்ச்சலில் கடுமை என்பது கொலுகோவில் அளந்து கண்டது. காரணம், குட்டைப் பாய்ச்சலில் உடலை நிமிர்த்தி விரிப்பை உப்பவைக்க நேரம் போதாது.

ஏன் மாறிக்கொள்ள முடியாது

இவ்வளவு லேசான ஊசித்தட்டான் ஏன் சறுக்குவதில்லை? எடையைச் சிறகுப் பரப்பால் வகுத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர் நீளமுள்ள நான்கு சிறகும் சேர்ந்து சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 மில்லிகிராம் சுமை. அணிலின் விரிப்பை 40-க்கு 40 சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 940 மில்லிகிராம். அறுபது மடங்கு அதிகச் சுமை தாங்குகிற விரிப்புதான் சறுக்குகிறது. சுமையே இல்லாதது சிறகடித்தாக வேண்டியிருக்கிறது. தலைகீழாகத் தெரிகிறது அல்லவா?

காரணம் காற்றில் இருக்கிறது. சுமை குறைவாக இருந்தால் சறுக்கும் வேகமும் குறைவு. மெதுவாக, சிறிய சிறகோடு நகரும் உயிருக்குக் காற்று பிசுபிசுப்பாக இருக்கும். இதை அளக்க ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று உண்டு: வேகத்தையும் சிறகின் அகலத்தையும் பெருக்கிக் காற்றின் பாகுத்தன்மையால் வகுத்தால் வருவது. நொடிக்கு ஒன்றரை மீட்டரில் போகும், 4 மில்லிமீட்டர் அகலச் சிறகுள்ள ஊசித்தட்டானுக்கு அது சுமார் 400. நொடிக்கு 8 மீட்டரில் சறுக்கும், 30 சென்டிமீட்டர் அகல விரிப்புள்ள அணிலுக்கு 1,60,000. எண் சிறிதாகச் சிறிதாக, தூக்குவிசையைவிடக் காற்றின் இழுப்பு ஓங்கிக்கொண்டே போகும். ஊசித்தட்டான் சிறகை விரித்தபடி நிறுத்தினால் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் எங்கும் போய்ச் சேராது. லேசான ஒரு காற்று அதைவிட வேகமாக வீசினால் பின்னுக்கே போகும்.

இடைப்பட்ட ஓர் உதாரணம் நம் ஊரிலேயே திரள்திரளாக வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மைதானங்களின் மேல் ஓயாமல் சுற்றும் மஞ்சள்நிறத் தட்டான் அது. அகன்ற பின்சிறகு, ஊசித்தட்டானைவிடப் பல மடங்கு எடை. அடித்தும் சறுக்கியும் மாறி மாறிப் பறக்கும். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவரை இது போகிறது என்று 2009-இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் எழுதினார். அதே குலத்தில் சற்றுப் பெருத்து, சிறகும் அகன்றதும் சறுக்கல் கைகூடிவிடுகிறது பாருங்கள். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்ற பழமொழியும் பெரும்பாலும் இந்தத் திரளை வைத்துத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். ஊசித்தட்டான் எப்போதுமே தாழத்தான் பறக்கும், அதை வைத்து மழை சொல்ல முடியாது.

மறுபக்கமும் கேட்கலாம்: அணில் ஏன் வௌவால் போலச் சிறகடிக்கக் கற்கவில்லை? சிறகடிக்கப் பெரிய மார்புத் தசையும், விரல்வரை நீண்ட எலும்புச் சட்டமும் வேண்டும். அணிலின் முன்னங்காலோ மரம் ஏறவும் பழம் பிடித்துத் தின்னவும் அன்றாடம் தேவைப்படுகிற கை. அதைச் சிறகாக்கினால் ஏற முடியாது. ஏற முடியாவிட்டால் அதன் பிழைப்பே நின்றுபோகும். ஸ்பெயினில் பார்சிலோனா அருகே கிடைத்து 2018-இல் விவரிக்கப்பட்ட 1.16 கோடி ஆண்டுப் பழைய பறக்கும் அணில் எலும்புக்கூடு, இன்றைய பெரும் பறக்கும் அணில்களோடு வியப்பூட்டும் அளவு ஒத்திருக்கிறது. அத்தனை காலமாக மாற்றத் தேவையில்லாத வடிவம். தட்டான் குலத்தின் மூதாதையரோ சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பறவையும் வௌவாலும் இல்லாத வானத்தில் சிறகடித்தவர்கள்.

எது கெட்டால் எது வீழும்

அணிலுக்கு உயரம் என்பது எரிபொருள் தொட்டி. மரத்தின் உயரத்தைக் குறைத்தால் தொட்டியின் கொள்ளளவு குறைகிறது. வால்பாறை போன்ற தேயிலைப் பகுதிகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்துகொண்டே இருப்பார்கள். 10 மீட்டரில் வெட்டிய மரத்திலிருந்து பாய்ந்து, 3 மீட்டர் உயரத்தில் இறங்குவதானால் இறக்கம் 7 மீட்டர். எட்டுவது 14 மீட்டர். இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே 60 மீட்டர் தேயிலைச் சரிவு இருந்தால் அது கடல் மாதிரி. தரையில் இறங்கி நடக்கலாமே என்றால், விரிப்பு காலில் தட்ட அது தத்தித் தத்தித்தான் போகும். நாயும் சிறுத்தையும் காத்திருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கடந்த இடத்தை, திரும்பும்போது அதே வழியில் கடக்க முடியாமல் போவதும் உண்டு. சாலை அகலத்தை மட்டும் அளந்து 'கடந்துவிடும்' என்று முடிவு செய்பவர்கள் இந்த ஒருவழிப் பாதையை மறந்துவிடுகிறார்கள். இரு பக்க மரத்தின் உயரத்தையும் தரை மட்ட வேறுபாட்டையும் சேர்த்து அளந்து, இரு திசையிலும் கணக்குப் போட வேண்டும்.

குரங்குகளுக்குக் கட்டும் கயிற்றுப் பாலமும் சறுக்கிகளுக்கு வேண்டியதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மலைச் சாலையின் இரு பக்கமும் 2008-இல் உயரமான மரக் கம்பங்களை நட்டார்கள். அங்குள்ள பறக்கும் அணில்கள் அவற்றில் ஏறிச் சாலையைச் சறுக்கிக் கடந்தன. நட்டது எரிபொருள் நிலையம் என்று சொல்லலாம். குறுக்கே முள்கம்பியோ மின்கம்பியோ போனால் கம்பம் நட்டும் பயனில்லை; இருட்டில், வேகத்தில், மெல்லிய கம்பி விரிப்பில் சிக்கும்.

இரண்டாவது தேவை பொந்து. பெரும் பறக்கும் அணில் பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்குகிறது. பெரும்பாலும் ஒரு ஈற்றில் ஒரே குட்டி. ராஜஸ்தானின் சீதாமாதா சரணாலயத்தில் அது பழைய இலுப்பை மரப் பொந்துகளைப் பெரிதும் நம்பியிருக்கிறது. 'பட்ட மரம்' என்று வெட்டுவது பல நேரம் வீட்டை இடிப்பதுதான். சற்று முன் சொன்ன மத்திய அமெரிக்க ராட்சத ஊசித்தட்டானும் மரப்பொந்தை நம்புவதுதான், ஆனால் மழைநீர் தேங்கிய பொந்தை; அதில்தான் முட்டையிடும். ஒன்றுக்கு ஒழுகாத பொந்து வேண்டும், இன்னொன்றுக்கு நிறைந்த பொந்து.

நம் ஊசித்தட்டானுக்கு உயரத்தால் ஒன்றும் ஆவதில்லை. நாணல் உயரம் போதும். அதற்கு எமன் நீரில் இருக்கிறது: கரையோரச் செடியை வழித்தெடுத்தல், கொசுவுக்கென்று விட்ட மீன், வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து. முட்டையைப் பெண் தன் ஊசியால் நீர்ச்செடியின் தண்டைக் கீறி உள்ளே செருகுகிறது. செடி இல்லாத சுத்தமான குளத்தில் செருக இடமே இருக்காது. ஆனால் ஒரு கோடையில் ஒரு குளம் காலியானாலும், பக்கத்துக் குளத்திலிருந்து வந்து நூற்றுக்கணக்கான முட்டையில் மீண்டும் தொடங்கிவிடும். அணில் மறைந்த காட்டுத் துண்டுக்கு அப்படி யாரும் வந்து சேர்வதில்லை.

ஒரே மாலையில் இரண்டையும் பார்க்க

காட்டை ஒட்டிய ஓடையோ குளமோ, கரையில் அத்தி அல்லது பலா போன்ற பெரிய மரங்கள் இருந்தால் ஒரே இடத்தில் நின்றே பார்க்கலாம். வெயில் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஊசித்தட்டான்கள் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, தண்டுகளில் சிறகு மடித்து ஒட்டத் தொடங்கியிருக்கும். நிழல் மேலே விழாமல், எதிர்வெயிலில் உட்கார்ந்து பாருங்கள். கிட்டே போனால் தண்டைச் சுற்றி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். தண்டின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் கண்கள் மட்டும் உங்களைப் பார்த்தபடி இருக்கும். அணில் ஆந்தையிடமிருந்து ஒளிகிற அதே தந்திரம்.

பகலிலேயே மரத்தடியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடித்துப் போட்ட இலைத்துண்டும் காயும் புதிதாக இருந்தால் நம்பி நிற்கலாம். வெள்ளை டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் கூசி, இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் அடிபடுவது அணில்தான். சிவப்புத் தாள் ஒட்டிய மங்கலான விளக்கு போதும், கண் தணல் போல மின்னும். பொழுது சாய்ந்து அரை மணி நேரம்வரை ஒன்றும் நடக்காது. பிறகு மேலே எங்கோ பட்டை கீறும் சத்தம், ஒரு கிளை ஆடுவது, சற்று அமைதி. நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு சதுரமாக ஒன்று தலைக்கு மேலே போகும். எதிர்மரத்தில் நகம் பதியும் 'சரக்' சத்தம் கேட்டபின்தான் போனது எது என்று புரியும்.